148 சிசி வித்தியாசம்: பென்ஸ், பி.எம்.டபிள்யூ, ஆடி டர்போ எஞ்சின்களின் கதை

புதுக்கோட்டையில் ஒரு குடும்பம் மொத்தமாகப் பழனிக்கோ திருச்செந்தூருக்கோ கிளம்புகிறது என்றால், வீட்டில் எழும் முதல் பேச்சு "ஒரு டெம்போ டிராவலர் பேசிடலாமா?" என்பதாகத்தான் இருக்கும். அந்த வண்டிக்குள் இருக்கும் எஞ்சினின் பூர்வீகம் என்ன தெரியுமா? மெர்சிடிஸ் பென்ஸ்!

ஆம், நம்பித்தான் ஆக வேண்டும். டிராவலரில் வரும் 2.6 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ டீசல் எஞ்சின், ஓ.எம்.616 என்ற பழைய பென்ஸ் எஞ்சினின் வழிவந்தது. ஒரு காலத்தில் பென்ஸ் 240டி என்ற காரில் ஓடி, உலகம் முழுக்க டாக்ஸிக்காரர்களிடம் நல்ல பெயர் வாங்கிய எஞ்சின் அது. அதற்கான உரிமத்தைப் பெற்று இந்தியாவில் தயாரித்த கம்பெனி பஜாஜ் டெம்போ. 2005ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஆனால் "டெம்போ" என்ற சொல் மட்டும் தமிழில் அப்படியே தங்கிவிட்டது.

இதே கம்பெனி இன்னொரு வேலையும் செய்கிறது. 1997 முதல் இந்தியாவில் விற்கும் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்கு எஞ்சின் பூட்டித் தருகிறது. 2015 முதல் சென்னைக்கு அருகே பி.எம்.டபிள்யூவுக்கும் எஞ்சின் பூட்டித் தருகிறது. ஜெர்மனியில் பரம எதிரிகளான இருவரும் இங்கே ஒரே மேஸ்திரியிடம் வேலை கொடுத்திருக்கிறார்கள்!

அப்படியானால் இந்த எஞ்சின்களுக்குள் என்னதான் வித்தியாசம்? எது உசத்தி? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் குதிரைத்திறன், மைலேஜ், 0 முதல் 100 கிலோமீட்டர் என்று பட்டியல் போட்டுப் பதில் சொல்வார்கள். ஆனால் இந்தியாவில் நடந்த போட்டியில் ஒரு கட்டத்தில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது இவை எதுவுமே இல்லை. பி.எம்.டபிள்யூவின் 1995 சிசிக்கும் பென்ஸின் 2143 சிசிக்கும் நடுவே இருந்த 148 சிசி வித்தியாசம்தான். அந்தக் கதைதான் இது.

டர்போ என்றால் என்ன?

கொல்லன் பட்டறையில் துருத்தியைப் பார்த்திருப்பீர்கள். காற்றை ஊத ஊத நெருப்பு சீறும். எஞ்சினும் அப்படித்தான். சிலிண்டருக்குள் அதிகக் காற்று போனால், அதிக எரிபொருளை எரிக்கலாம்; அதிக சக்தி கிடைக்கும்.

சாதாரண எஞ்சின், பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக எவ்வளவு காற்றை இழுக்க முடியுமோ அவ்வளவுதான் இழுக்கும். கூடுதலாக வேண்டும் என்றால் யாராவது ஊத வேண்டும். அந்தத் துருத்தியை எது மிதிப்பது? எஞ்சினே பெல்ட் வைத்து மிதித்தால் அது சூப்பர்சார்ஜர். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு காற்றாடியைச் சுற்றி, அந்தக் காற்றாடி துருத்தியை மிதித்தால் அது டர்போசார்ஜர். எப்படியும் சைலன்சர் வழியாக வீணாகப் போகிற சக்திதானே? அதைப் பிடித்து வேலை வாங்குவதுதான் டர்போவின் சூட்சுமம்.

இந்த யோசனைக்கு 1905லேயே காப்புரிமை பெற்றவர் ஆல்ஃபிரட் பியூகி என்ற சுவிட்சர்லாந்து பொறியாளர். யோசனை எளிது, செய்வதுதான் கடினம். அந்தச் சின்னக் காற்றாடி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். அதுவும் நெருப்பாய்க் கொதிக்கும் புகைக்கு நடுவே. அழுத்தப்பட்ட காற்று சூடாகிவிடும் என்பதால் அதைக் குளிர வைக்க இன்டர்கூலர் வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதித்த பிறகு காற்றாடி வேகம் பிடிக்கும் வரை வண்டி ஒரு கணம் யோசிக்கும். இதற்குத்தான் "டர்போ லேக்" என்று பெயர். கப்பலிலும் லாரியிலும் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. காரில் தெரிந்தது. அதனால்தான் கார்களுக்கு டர்போ வர 1962 வரை ஆனது. அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரும் செவர்லே கோர்வேரும்தான் முன்னோடிகள். இரண்டுமே நீடிக்கவில்லை.

1974: தப்பான நேரத்தில் பிறந்த கார்

1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானது. கிட்டத்தட்ட அதே சமயம் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பி.எம்.டபிள்யூ ஒரு புதிய காரைத் தயாரித்துக்கொண்டிருந்தது. பெயர் 2002 டர்போ. நான்கு சிலிண்டர், 1990 சிசி, 170 குதிரைத்திறன். ஐரோப்பாவில் தொடர் உற்பத்திக்கு வந்த முதல் டர்போ கார் இதுதான். 1973ல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் காட்டியபோது, முன் பம்பருக்குக் கீழே "டர்போ" என்ற எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுதியிருந்தார்கள். முன்னால் போகிறவர் தன் கண்ணாடியில் பார்த்து வழிவிட வேண்டுமாம்! என்ன திமிர் பாருங்கள்.

திமிருக்கு ஆயுசு குறைவு. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. மூன்று டாலர் அளவில் இருந்த ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் சில மாதங்களில் ஏறக்குறைய 12 டாலரைத் தொட்டது. மேற்கு ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை போட்டார்கள். அந்த நேரத்தில் பெட்ரோலைக் குடிக்கும், வழிவிடச் சொல்லி மிரட்டும் ஒரு காரை யார் ரசிப்பார்கள்? கண்டனம் கிளம்பியது. 1975ல் தயாரிப்பு நின்றது. மொத்தம் வெளிவந்தவை 1,672 கார்கள் மட்டுமே.

கார் செத்தது, எஞ்சின் சாகவில்லை. அந்த எஞ்சினின் அடிப்படையான எம்10 பிளாக்கை வைத்து, 1.5 லிட்டர் ஃபார்முலா ஒன் டர்போ எஞ்சினை பி.எம்.டபிள்யூ உருவாக்கியது. 1983ல் அந்த எஞ்சின் பூட்டிய பிரபாம் காரில் நெல்சன் பிக்கே உலக சாம்பியன் ஆனார். டர்போ எஞ்சினுக்குக் கிடைத்த முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் சாம்பியன் பட்டம் அது. அடுத்த சில ஆண்டுகளில் தகுதிச் சுற்றுகளில் இந்தக் குட்டி நான்கு சிலிண்டர் எஞ்சின் 1,000 குதிரைத்திறனைத் தாண்டியது.

இவ்வளவு செய்த பிறகும், சாலையில் ஓடும் கார்களில் நான்கு சிலிண்டர் பெட்ரோல் டர்போவை பி.எம்.டபிள்யூ பல ஆண்டுகள் தொடவே இல்லை. "எங்கள் பெருமை ஆறு சிலிண்டர்" என்று இருந்துவிட்டது. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் வேறு. ஸ்வீடனின் சாப் 1970களின் இறுதியில் 99 டர்போவைக் கொண்டுவந்து, டர்போவை அன்றாடம் ஓட்டக்கூடிய சங்கதியாக மாற்றியது.

மூன்று பேர், மூன்று வழி

மெர்சிடிஸ் பென்ஸ் வேறு பாதையில் போனது. 1921லேயே "கொம்ப்ரசர்" என்ற பெயரில் சூப்பர்சார்ஜர் வைத்த கார்களைக் காட்டிய கம்பெனி அது. 1990களின் நடுவில் அதே பெயரைத் தூசி தட்டி எடுத்தது. சி 230 கொம்ப்ரசர், எஸ்.எல்.கே. 230 கொம்ப்ரசர் என்று நான்கு சிலிண்டர் கார்கள் வரிசையாக வந்தன. பெல்ட் வைத்துச் சுற்றுவதால் "லேக்" கிடையாது. ஆனால் எஞ்சின் சக்தியில் ஒரு பங்கைத் துருத்தியே தின்றுவிடும். இது இலவசத் துருத்தி இல்லை!

ஆடி டர்போவையே பிடித்துக்கொண்டது. 1995ல் ஏ4 காரில் வந்த 1.8 லிட்டர் டர்போ எஞ்சினுக்கு சிலிண்டருக்கு ஐந்து வால்வு, 150 குதிரைத்திறன். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் இருந்ததால், இந்த எஞ்சின் ஆடியோடு நிற்காமல் ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, சீட் என்று எல்லா வீட்டுக்கும் போனது. 2004ல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். நினைவிருக்கிறதா? அன்றைய கார் பைத்தியங்களின் கனவு வண்டி. அதற்குள் இருந்தது இதே 1.8 டர்போதான். ஆடி முன்னே நிற்க, செலவைப் பங்கு போட நான்கு பேர். இந்த வசதி மற்ற இருவருக்கும் இல்லை.

பிறகு எப்படி மூவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்? காரணம் ஒரு சட்டம். 2009ல் ஐரோப்பிய ஒன்றியம், ஒவ்வொரு கம்பெனியும் விற்கும் கார்களின் சராசரிக் கரியமில வாயுவுக்கு வரம்பு போட்டது. ஒட்டுமொத்தச் சராசரி 2015ல் கிலோமீட்டருக்கு 130 கிராம். அடுத்த கட்டம் 95 கிராம். மீறினால் ஒவ்வொரு காருக்கும் அபராதம்.

ஊருக்குள் ஓட்டும்போது எஞ்சினின் முழு சக்தியும் தேவைப்படுவதில்லை. ஆறு சிலிண்டர் இருந்தால் ஆறையும் சும்மாவாவது அசைக்க வேண்டும். அந்த உராய்வில் எரிபொருள் வீணாகும். நான்கு சிலிண்டரில் அந்த வீணடிப்பு குறைவு. சக்தி வேண்டும் என்றபோது டர்போ ஊதிக்கொடுக்கும். ஆகவே பெருமையை மூட்டை கட்டி வைத்துவிட்டு எல்லோரும் இறங்கி வந்தார்கள். பென்ஸ் 2009ல் தன் 1.8 லிட்டர் எஞ்சினில் கொம்ப்ரசரை எடுத்துவிட்டு டர்போவைப் பூட்டியது. பி.எம்.டபிள்யூ 2011ல் என்20 என்ற 1997 சிசி டர்போவைக் கொண்டுவந்தது. 245 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சின், 328ஐ காரில் இருந்த மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினை வீட்டுக்கு அனுப்பியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெயர்கள் மட்டும் மாறவில்லை. 328 என்றால் ஒரு காலத்தில் 2.8 லிட்டர். இப்போது 2 லிட்டர். பென்ஸ் சி 180 என்றால் 1.8 லிட்டர் என்று நினைத்தால், உள்ளே 1.6 லிட்டர். அதாவது, ஒரு எஞ்சினின் அளவைப் பார்த்து அதன் சக்தியையோ குடிக்கும் எரிபொருளையோ சொல்லிவிடலாம் என்ற காலம் முடிந்துவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு இது முக்கியம்.

இந்தியாவில் நடந்த பந்தயம்

பென்ஸ்தான் இந்தியாவுக்கு முதலில் வந்தது. 1994ல் கம்பெனி, 1995ல் புனேயில் பூட்டிய ஈ கிளாஸ். பி.எம்.டபிள்யூ 2007 மார்ச்சில் செங்கல்பட்டு பக்கத்தில் சிங்கப்பெருமாள்கோயில் அருகே உள்ள மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் தொழிற்சாலை திறந்தது. அதே 2007ல் ஆடி, அவுரங்காபாத்தில் இருந்த ஸ்கோடா ஆலையில் கார் பூட்ட ஆரம்பித்தது.

2009ல் பென்ஸை முந்தி பி.எம்.டபிள்யூ முதலிடம் பிடித்தது. 2013ல் பி.எம்.டபிள்யூவை ஆடி முந்தியது. 2015ல் பென்ஸ் 13,502 கார்கள் விற்று மீண்டும் முதலிடத்துக்கு வந்தது. சினிமா பாணி பழிவாங்கல்!

இந்த விற்பனையில் பெரும் பங்கு டீசல் கார்கள். இங்கே டீசல் விலை குறைவு என்பதால், கோடீஸ்வரரும் டீசல்தான் கேட்டார். 2013, 2014 வாக்கில் மூவரின் முக்கிய ஆட்டக்காரர்கள் இவர்கள்:

பி.எம்.டபிள்யூ 320டி: 1995 சிசி, 184 குதிரைத்திறன், 380 நியூட்டன் மீட்டர் டார்க்.

மெர்சிடிஸ் சி 220 சிடிஐ: 2143 சிசி, 170 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் டார்க்.

ஆடி ஏ4 2.0 டிடிஐ: 1968 சிசி, 177 குதிரைத்திறன், 380 நியூட்டன் மீட்டர் டார்க்.

மூன்றுமே நான்கு சிலிண்டர். மூன்றுமே டர்போ. எண்களைப் பார்த்தால் பங்காளிகள் மாதிரி இருக்கிறார்கள். ஆனால் குணம் வேறு. பி.எம்.டபிள்யூ எஞ்சினின் பிளாக் அலுமினியம். எடை குறைவு, துள்ளல் அதிகம். 2007லேயே இந்த 1995 சிசி எஞ்சினில் இரண்டு டர்போ வைத்து 204 குதிரைத்திறன் எடுத்துக் காட்டினார்கள். லிட்டருக்கு 100 குதிரைத்திறனைத் தாண்டிய டீசல்!

பென்ஸின் ஓ.எம்.651 வார்ப்பிரும்பு பிளாக். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 99 மில்லிமீட்டர், பி.எம்.டபிள்யூவில் 90 மட்டுமே. அளவு கொஞ்சம் பெரிதாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே இழுவை கிடைக்கும். இதே எஞ்சின் ஒரு சின்ன டர்போ, ஒரு பெரிய டர்போ என்று இரண்டு வைத்து ஈ 250 சிடிஐ காரில் 500 நியூட்டன் மீட்டர் டார்க் தந்தது. குறை, சத்தம். ஓரளவு சொகுசு வேனில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று அன்றைய விமர்சகர்கள் கிண்டல் செய்வதுண்டு. ஆடியின் எஞ்சின் இரண்டுக்கும் நடுவே, அமைதியான பிள்ளை. அந்த அமைதிக்குள் என்ன இருந்தது என்பது பிறகு தெரிந்தது.

யார் எஞ்சினிலும் குறை இல்லை என்று சொல்ல முடியாது. ஆடியின் 2.0 டிஎஃப்எஸ்ஐ பெட்ரோல் எஞ்சின் ஆயில் குடிக்கிறது என்றும், பி.எம்.டபிள்யூ என்20 எஞ்சினில் டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் பாகம் உடைகிறது என்றும் அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, இரண்டும் சமரசத்தில் முடிந்தன. பென்ஸ் ஓ.எம்.651 எஞ்சினின் ஆரம்பகால இன்ஜெக்டர்கள் ஐரோப்பாவில் பழுதாகி, கம்பெனியே மாற்றிக்கொடுக்க வேண்டி வந்தது. மூவருக்கும் ஆளுக்கொரு தலைவலி.

2015 டிசம்பர் 16

இங்கேதான் திருப்பம். டெல்லியின் காற்று மூச்சு முட்ட வைத்த குளிர்காலம் அது. 2015 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. டெல்லி மற்றும் தேசியத் தலைநகர்ப் பகுதியில், 2000 சிசி மற்றும் அதற்கு மேல் உள்ள டீசல் கார்களையும் எஸ்யூவிகளையும் பதிவு செய்யக் கூடாது. முதலில் 2016 மார்ச் 31 வரை என்றார்கள். பிறகு நீட்டித்தார்கள்.

1995 சிசி? பதிவு செய்யலாம். 1968 சிசி? தாராளமாக. 2143 சிசி? முடியாது!

ஒரே நாளில் பென்ஸின் ஜிஎல்ஏ, சி கிளாஸ், ஈ கிளாஸ் டீசல்கள் நாட்டின் மிகப் பெரிய சொகுசுக் கார் சந்தையில் விற்க முடியாதவை ஆகின. பி.எம்.டபிள்யூவுக்கும் மூன்று லிட்டர் கார்களில் அடி விழுந்தது. ஆனால் 320டி, 520டி இரண்டும் தப்பித்தன. நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் வண்டிகளையும் அது விடவில்லை. 2494 சிசி இன்னோவாவும் 2.2 லிட்டர் ஸ்கார்பியோவும் டெல்லியில் சிக்கின. மகிந்திரா என்ன செய்தது தெரியுமா? 2016 ஜனவரியிலேயே ஸ்கார்பியோவுக்கும் எக்ஸ்யூவி500க்கும் 1.99 லிட்டர் எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கியது. கோட்டுக்கு ஒரு நூல் இந்தப் பக்கம்!

2016 மே மாதம் இதே போன்ற ஒரு தடையை பசுமைத் தீர்ப்பாயத்தின் கொச்சி அமர்வு கேரளாவுக்கும் விதித்தது. அதை உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. டெல்லித் தடை 2016 ஆகஸ்ட் 12 அன்று நீங்கியது. காரின் ஷோரூம் விலையில் ஒரு சதவீதத்தைச் சுற்றுச்சூழல் கட்டணமாகக் கட்டிவிட்டுப் பதிவு செய்யலாம் என்றது நீதிமன்றம். ஏறக்குறைய எட்டு மாதம். இடையில் பெட்ரோல் மாடல்களை அவசர அவசரமாகக் கூட்டிய பென்ஸ், அந்த ஆண்டு 13,231 கார்களோடு முடித்தது. முந்தைய ஆண்டு வேகமாக வளர்ந்த கம்பெனி, சறுக்கி நின்றது.

நீதிமன்றத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. காற்று நஞ்சாகும்போது ஏதாவது செய்தாக வேண்டும். பெரிய டீசல் கார் என்பது வசதியுள்ளவரின் ஆடம்பரம். அதை நிறுத்தினால் ஏழைக்கு நஷ்டமில்லை. அதோடு, சிசி என்பது ஆர்.சி. புத்தகத்திலேயே அச்சிட்டிருக்கும் எண். சோதனைக் கருவி வேண்டாம், வாதாட இடமில்லை.

ஆனால் கேள்வி இதுதான்: சிசி குறைந்தால் புகை குறையுமா?

தப்பித்தவன் யார்?

அன்று நடப்பில் இருந்த பிஎஸ்-4 விதிப்படி, ஒரு டீசல் கார் கிலோமீட்டருக்கு 0.25 கிராம் நைட்ரஜன் ஆக்ஸைடு வெளியிடலாம். எஞ்சின் அளவைப் பார்த்து இந்த வரம்பு மாறுவதில்லை. 1300 சிசி காருக்கும் அதே கணக்கு, 3000 சிசி காருக்கும் அதே கணக்கு. ஒரே பரீட்சையில் தேறிய இருவரில், உயரமானவனை மட்டும் வெளியே நிறுத்தியது போன்ற நிலை.

அதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. தடைக்கு மூன்று மாதம் முன்பு, 2015 செப்டம்பர் 18 அன்று, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் மோசடியை வெளியே கொண்டுவந்தது. நான்கு சிலிண்டர் டர்போ டீசல் கார்களில் ஒரு மென்பொருள் ஒளிந்திருந்தது. சோதனை நடக்கிறது என்று அது கண்டுபிடித்தால் புகை சுத்தமாகும். சாலைக்கு வந்ததும் பழைய குணம் திரும்பிவிடும். வாத்தியார் வரும்போது மட்டும் புத்தகத்தைத் திறக்கும் மாணவன் மாதிரி! அந்த எஞ்சின் குடும்பத்தின் பெயர் ஈ.ஏ.189.

இந்தியாவிலும் அதே எஞ்சின்கள் விற்றிருந்தன. 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஃபோக்ஸ்வாகன் குழுமம் இங்கே சுமார் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. அவற்றில் ஏறக்குறைய 36,500 ஆடி கார்கள். எஞ்சின் அளவுகள் 1.2, 1.5, 1.6, 2.0 லிட்டர். அந்த 2.0 லிட்டரும் உண்மையில் 1968 சிசிதான். ஆக, திரும்ப அழைக்கப்பட்ட கார்களில் ஒன்றுகூட 2000 சிசியைத் தொடவில்லை.

இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிசம்பர் தொடக்கத்தில் புகைப் பிரச்சினைக்காகத் திரும்ப அழைக்கப்பட்ட எஞ்சின் குடும்பம் இது. இரண்டே வாரத்தில் புகையைக் குறைக்க வந்த தடையிலிருந்து இதுவே தப்பித்தது. சிசி என்ற அளவுகோல் எவ்வளவு தூரம் குறி தவறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

இந்திய விதிகளை மீறவில்லை என்பதுதான் ஃபோக்ஸ்வாகனின் வாதம். அதில் ஒரு கசப்பான உண்மையும் இருந்தது. சாலையில் ஓட்டிப் பார்த்துப் புகையை அளக்கும் விதியே அன்று இந்தியாவில் கிடையாது. 2019 மார்ச் 7 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதை எதிர்த்து கம்பெனி உச்ச நீதிமன்றம் போனது. கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்று அங்கே உத்தரவானது.

கடைசியில் எல்லோரும் 2000க்குள்

பென்ஸின் அடுத்த டீசல் எஞ்சின் ஓ.எம்.654. அலுமினியம் பிளாக், பழையதைவிட 30 கிலோவுக்கு மேல் எடை குறைவு, அளவு 1950 சிசி. 2017ல் ஈ 220டி காரில் இந்தியாவுக்கு வந்தது. 194 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர். டெல்லித் தடையால்தான் பென்ஸ் எஞ்சினைச் சுருக்கியது என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. ஒரு புதிய எஞ்சினை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும், ஓ.எம்.654 தடைக்கு முன்பே ஐரோப்பிய விதிகளுக்காகத் தயாராகிக்கொண்டிருந்தது. நீதிமன்றம் தள்ளாவிட்டாலும் அது அந்த இடத்துக்குத்தான் வந்திருக்கும்.

காரணம், ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 500 சிசி என்பது எரிதலுக்கும் வெப்ப இழப்புக்கும் நடுவே நல்ல சமரசம் என்று பொறியாளர்கள் கண்டுகொண்டார்கள். நான்கு சிலிண்டர் என்றால் 2000. அதனால்தான் பி.எம்.டபிள்யூ பி48 1998 சிசி, பென்ஸ் எம்274 1991 சிசி, ஆடி ஈ.ஏ.888 1984 சிசி. மூன்று பெட்ரோல் டர்போக்களுக்கும் நடுவே மொத்த வித்தியாசம் 14 சிசி!

அளவு ஒன்றானாலும் அதிலிருந்து கறக்கும் சக்தி வேறு. 1973ன் பி.எம்.டபிள்யூ 2002 டர்போ 1990 சிசியில் 170 குதிரைத்திறன் தந்தது. 2019ல் பென்ஸின் ஏஎம்ஜி ஏ 45 எஸ் 1991 சிசியில் 421 குதிரைத்திறன் தந்தது. 46 ஆண்டில் அளவு கூடியது ஒரு சிசி. சக்தி கூடியது இரண்டரை மடங்கு. 2022ல் எட்டு சிலிண்டருக்குப் பெயர் போன சி 63 காரிலேயே நான்கு சிலிண்டர் டர்போவையும் மின் மோட்டாரையும் வைத்தபோது, பழைய ரசிகர்கள் கோபித்துக்கொண்டார்கள். பாட்டுக் கச்சேரிக்கு வந்தவரிடம் கணக்குப் பாடம் எடுத்த மாதிரி ஆகிவிட்டது அவர்களுக்கு.

2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்-6 வந்தது. டீசல் காருக்கான நைட்ரஜன் ஆக்ஸைடு வரம்பு 0.25 கிராமிலிருந்து 0.08 கிராமாக இறங்கியது. ஆடி இந்தியாவில் டீசலையே விட்டுவிட்டு பெட்ரோலுக்கு மாறியது. பி.எம்.டபிள்யூவும் பென்ஸும் டீசலைச் சுத்தப்படுத்தித் தொடர்ந்தன.

மாணவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இடையில் நடந்தது. 2018ல் பி.எம்.டபிள்யூவின் சென்னை ஆலை "ஸ்கில் நெக்ஸ்ட்" என்ற திட்டத்தில் 365 எஞ்சின்களையும் கியர்பாக்ஸ்களையும் பொறியியல், தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு இலவசமாகத் தருவதாக அறிவித்தது. காரை வாங்க முடியாதவர்களும் அந்த எஞ்சினைக் கழற்றிப் பூட்டிப் பார்க்க ஒரு வழி!

முடிவாக...

எது சிறந்த எஞ்சின்? ஓட்டுகிறவருக்கு பி.எம்.டபிள்யூ, பின் சீட்டில் உட்கார்ந்து இழுவையை அனுபவிப்பவருக்கு பென்ஸ், சத்தமில்லாமல் போக விரும்புகிறவருக்கு ஆடி என்று ஒரு காலத்தில் சொல்லலாம். இப்போது அந்த வித்தியாசமும் கரைந்துகொண்டே வருகிறது.

ஆனால் இந்தக் கதை விட்டுச்செல்லும் பாடம் எந்த கார் வாங்குவது என்பதல்ல. எதை அளக்கிறோமோ அதற்கு ஏற்பத்தான் எஞ்சின் பிறக்கும். சிசியை அளந்தால் 1.99 லிட்டர் எஞ்சின் வரும். ஆய்வுக்கூடத்தில் மட்டும் அளந்தால், ஆய்வுக்கூடத்தில் மட்டும் ஒழுங்காக இருக்கும் எஞ்சின் வரும். சாலையில் அளந்தால்தான் சாலையில் சுத்தமான எஞ்சின் வரும்.

2023 ஏப்ரல் முதல் பிஎஸ்-6ன் இரண்டாம் கட்டத்தில், காரின் பின்னால் கருவியைக் கட்டி, நிஜமான சாலையில் ஓட்டிப் புகையை அளக்கும் சோதனை இந்தியாவில் கட்டாயமானது. டெல்லியில் காற்று மோசமாகும் நாட்களில் வரும் கட்டுப்பாடுகளும் சிசியை விட்டுவிட்டு, வண்டி பிஎஸ்-3ஆ, பிஎஸ்-4ஆ என்று கேட்கத் தொடங்கிவிட்டன. 2015ல் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. தாமதமானாலும் கேட்டார்களே!